பொட்டு வைத்த ரேக்

விஜயதசமி காலையில் யாருக்கும் உடம்புக்கு வரக்கூடாது என்று அரசாங்கம் ஒரு சட்டம் போட்டால் தேவலை. முந்தின நாள் பூஜை, பொரி, சுண்டல், சர்க்கரைப் பொங்கல் என்று ஊரே மந்தித்துக் கிடக்கும். ஆஸ்பத்திரிகளில் பாதிப் பேர் லீவு. மீதிப் பேர் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஆனால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்க்கு நாளாவது கிழமையாவது! சங்கரவடிவுக்கு அன்றைக்குப் பார்த்துத்தான் அடைத்துக்கொண்டது.

நம்பிராஜன் அப்போது சொற்காப்பகத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஒரு கை நிறையப் பொரியோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிக்கு வடக்கே, நாலுவழிச் சாலை ஓரத்துப் பொட்டலில் நிற்கிற கட்டடம் அது. உள்ளே ஆளுயர ரேக்குகளில் கணினிகள் இரைந்துகொண்டிருக்கும். அத்தனையும் சேர்ந்து ஒரே கிளஸ்டர். அந்தக் கிளஸ்டருக்கு நம்பிராஜன்தான் தலைவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. டைரக்டர் டாக்டர் வேலாயுதமே அப்படித்தான் கூப்பிடுவார். அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியும்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று அங்கே உண்டு. மெஷின் ஹாலில் சூடம் கொளுத்த முடியாது. கொளுத்தினால் தீயணைப்பு வாயு திறந்து எல்லாரும் மூச்சடைத்து ஓட வேண்டியதுதான். அதனால் ஆயுத பூஜை அன்று ஸ்டோரேஜ் ரேக் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் கதவில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாவிலை ஒன்றைச் செருகுவார். பிறகு, ‘இந்த ரேக்குக்குப் புது வேலை எதுவும் கொடுக்காதே’ என்று கிளஸ்டருக்கு ஒரு கட்டளை போடுவார். பூஜைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடக்கூடாதல்லவா? அதற்குத்தான் அந்த ஓய்வு. மறுநாள் காலை மறுபூஜை முடிந்ததும் அவரே கட்டளையை எடுத்துவிடுவார். வருஷா வருஷம் நடக்கிறது. சுண்டல் வாங்கிக்கொண்டே எல்லாரும், “அண்ணாச்சிக்கு மெஷின் மேலகூட எவ்வளவு பாசம்!” என்பார்கள். அண்ணாச்சி கேட்காத மாதிரி நிற்பார்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வார்டிலிருந்து புஷ்பம் சிஸ்டரின் அழைப்பு வந்தது.

“அண்ணாச்சி, புது பேஷன்ட் ஒருத்தங்க. தொப்பி மாட்டியாச்சு. இடம் கேட்டா ‘பெண்டிங்’னே நிக்கு.”

“இந்தா பாக்கேன் சிஸ்டர். லைன்லயே இருங்க.”

வார்டின் மைக் திறந்தே இருந்தது. அதில் ஓர் ஆண்குரல், பயந்த குரல், கேட்டது.

“சிஸ்டர், இந்தத் தொப்பி அவளுக்கு வலிக்குமா?”

“வலிக்காதுண்ணே. மூளையில வீக்கம் பரவிட்டிருக்கு. வார்த்தை இருக்க பக்கம் கொஞ்சங் கொஞ்சமா செத்துட்டு வரும். அதுக்கு முன்னாடி நீங்க அவங்க காதுகிட்ட உக்காந்து பேசணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா, அது அவங்க மூளையில ஒருக்க மின்னும். அதை இந்தத் தொப்பி பிடிச்சு அனுப்பிரும். அங்க பெரிய கம்ப்யூட்டர்ல இவங்களுக்குன்னு தனியா ஒரு இடம் போட்டு வச்சிருவாங்க. உடம்பு தேறுனதும் அதை எடுத்துத் திரும்பக் குடுத்துரலாம்.”

“ரெண்டாந்தடவை மின்னாதா?”

“இந்த வீக்கத்துல மின்னுன வார்த்தை அப்பவே கருகிரும்ணே. ஒருக்கதான். அதனால எது உங்களுக்கு முக்கியமோ, அதை மொதல்ல பேசுங்க.”

அந்த ஆள் பெயர் சுடலைமுத்து. சமாதானபுரத்தில் இட்லி மாவுக் கடை. மனைவி சங்கரவடிவு டவுன் பஸ் கண்டக்டர். பஸ்ஸை இப்போது பஸ்ஸே ஓட்டிக்கொள்கிறது. டிரைவர் சீட்டில் ஆள் கிடையாது. ஆனால் கண்டக்டர் இல்லாத பஸ்ஸில் எங்கள் ஊர் ஜனம் ஏறவே ஏறாது. சண்டை போட யாராவது வேண்டாமா? சங்கரவடிவின் குரல் கேட்டால் கொக்கிரகுளத்தில் இறங்க வேண்டியவன் வண்ணார்பேட்டையிலேயே இறங்கத் தயாராகிவிடுவான் என்று சொல்வார்கள். அந்தக் குரல் காலையில் அவள் சீருடையில் ஊக்குக் குத்திக்கொண்டிருக்கும்போது பாதி வார்த்தையில் நின்றுவிட்டது.

“அவரை ஆரம்பிக்கச் சொல்லட்டுமா அண்ணாச்சி? இடம் இன்னும் வரலியே?” என்றார் சிஸ்டர்.

இடம் கிடைக்காமல் பேச ஆரம்பிக்கக் கூடாது என்பது விதி. தொப்பிக்குள்ளேயே சிறிது நேரத்துப் பேச்சு தங்கும். அது நிரம்பினால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வழிந்து போய்விடும். நம்பிராஜனுக்குத் தெரியாதா? அந்த விதியை எழுதியதே அவர்தான். ஆனால் இதுவரை அவருடைய கிளஸ்டர் யாரையும் காக்க வைத்ததில்லை. அந்தப் பெருமையை அவர் மாநாடுகளில் எல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

“ஆரம்பிக்கச் சொல்லுங்க. ரெண்டு நிமிஷத்துல இடம் வந்துரும்,” என்றார்.

திரையில் ஒரு சிவப்பு வரி நின்றது. ‘வால்யூம் உருவாக்கம் தோல்வி. டிரைவரிடமிருந்து பதில் இல்லை. மறுமுயற்சி.’ வால்யூம் என்பது நோயாளிக்கென்று ரேக்கில் ஒதுக்குகிற அந்தத் தனி இடம்தான். சிவப்பு வரிக்குக் கீழே பொடி எழுத்தில் நீளமாக ஏதேதோ இருந்தது. அதை யார் படிப்பார்கள்? டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்த்தார். பாதிக்கு மேல் காலி. அனுமதியில் சிக்கலா? இல்லை. பழைய நோயாளிகளின் வால்யூம்கள்? எல்லாம் பச்சை விளக்கோடு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக ஒன்று போடச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றது.

இதற்குள் டைரக்டரும் இன்னும் நாலைந்து பேரும் அழைப்பில் சேர்ந்துவிட்டார்கள்.

“என்ன அண்ணாச்சி, டிரைவர் பதில் சொல்லலைன்னு போட்டிருக்கு? யாரு அவன்? லீவுல போயிட்டானா?” என்றார் டைரக்டர்.

“ஆள் இல்ல சார், அது ஒரு நிரல். ஒவ்வொரு பேஷன்டுக்கும் கன்டெய்னர்னு ஒரு குட்டி நிரல் ஓடுதுல்லா, அது ‘எனக்கு இவ்வளவு இடம் வேணும்’னு கேக்கும். வீட்டு புரோக்கர் மாதிரி இந்த டிரைவர் போயி ரேக்குல இடம் பிடிச்சுக் குடுக்கணும். இப்ப புரோக்கர் வாயைத் தொறக்க மாட்டேங்கான்.”

“ஏன்?”

ஏன் என்று கேட்டதும் நம்பிராஜனுக்கு விடை கிடைத்துவிட்டது. ரொம்பச் சீக்கிரமாகக் கிடைத்துவிட்டது. பூஜைக்கு முந்தின வாரம்தான் ஜெபக்கனி அந்த டிரைவரைப் புதுப் பதிப்புக்கு மாற்றியிருந்தாள். பாதுகாப்பு ஓட்டை ஒன்று இருந்தது, மாற்றாமல் விடக்கூடாது என்று அவள் சொன்னபோது, “பண்டிகை நேரத்துல எதையும் தொடாத” என்று இவர் முனகிக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார்.

ஜெபக்கனி நாசரேத்துப் பெண். அவரிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருக்கு அடுத்த இடத்துக்கு வந்திருந்தவள். லீவில் ஊருக்குப் போயிருந்தவள் விஷயம் கேள்விப்பட்டு அவளாகவே அழைப்பில் சேர்ந்திருந்தாள்.

“போன வாரம் டிரைவரை மாத்துனது யாரு?” என்றார் நம்பிராஜன். எல்லார் காதிலும் விழவேண்டுமென்றே கேட்டார்.

“நாந்தான் அண்ணாச்சி. ஆனா அதுக்கப்புறம் வால்யூம் நெறைய போட்டிருக்கே, எல்லாம் நல்லாத்தானே…”

“நல்லாவா? ஒரு பொம்பளை பேச்சு போயிட்டிருக்கு அங்க. நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் பண்டிகைக்கு முன்னாடி கை வைக்காதன்னு.”

“அண்ணாச்சி, ஒரு நிமிஷம். நான் இப்ப லாக்ல அந்தப் பொடி எழுத்தைக் கீழ வரைக்கும் படிச்சேன். பூஜைக்கு…”

“பூஜை, லீவு, ஊருக்குப் போனேன், இந்தக் கதையெல்லாம் பொறவு பேசுவோம். நீ இப்ப பேசாத.”

அவள் மறுபடி வாயெடுத்தாள். நம்பிராஜன் அவளை மியூட்டில் போட்டார். போட்டும் மனசு ஆறாமல் அழைப்பிலிருந்தே வெளியேற்றினார். அதோடு விட்டாரா? கிளஸ்டருக்குள் வர அவளுக்கு இருந்த அனுமதியையும் அப்போதே ரத்து செய்தார். டைரக்டர், “சரியான முடிவு அண்ணாச்சி” என்றார். ஜெபக்கனியிடமிருந்து போன் வந்தது. வெட்டினார். இன்னொரு தடவை வந்தது. அதையும் வெட்டினார்.

பிறகு பழைய டிரைவர் பதிப்புக்குத் திரும்பும் வேலையைத் தொடங்கினார். அது ஒவ்வொரு கணினியாக ஏறி இறங்கி வர வேண்டிய வேலை, ஆமை மாதிரி நகர்ந்தது. ஒலிபெருக்கியில் சுடலைமுத்துவின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏ வடிவு, நாந்தாம்ட்டி, அத்தான் பேசுதேன். நீ அத்தான்னு கூப்பிடுவேல்லா, அத்தான், அத்தான்… மூத்தவன் இசக்கிராசா. எளையவ மாரிச்செல்வி. இசக்கிராசா, மாரிச்செல்வி, கேட்டியா? கல்யாணத்துக்கு ஒரு அரக்கு கலர் பட்டு கட்டியிருந்தியே, அதுல எலி கடிச்சிட்டுன்னு அழுதியே… மழை. நெல்லிக்கா. உப்பு. நம்ம வீட்டு முருங்கை. உங்க அம்மை பேரு சொர்ணம். கோவம் வந்தா ‘போங்கய்யா’ம்ப, அதுவும் வேணும்லா, போங்கய்யா…”

“அண்ணாச்சி,” என்று சிஸ்டர் தணிந்த குரலில் குறுக்கிட்டார். “தொப்பி நெறைஞ்சு போச்சு. மொதல்ல சொன்னதும் வழிஞ்சிட்டு, இனிமே சொல்லுததும் நிக்காது. அவரை நிறுத்தச் சொல்லட்டுமா?”

நிறுத்தச் சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் சொற்காப்பகம் முதல்முறையாக ஒரு நோயாளியைக் காக்க வைத்தது என்று ஆகும். டிரைவர் மாற்றம் எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் ஊர்ந்த பச்சைக் கோட்டை நம்பிராஜன் பார்த்தார்.

“வேண்டாம் சிஸ்டர். பேசட்டும். இந்தா முடிஞ்சுட்டு.”

முடியவில்லை. சுடலைமுத்து பேசிக்கொண்டேயிருந்தார். பிள்ளைகள் நடக்கப் பழகியதை, மாமனார் செத்ததை, வீடு கட்டியதை, முதல் கிரைண்டர் வாங்கியதை எல்லாம் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் அவள் மூளையில் மின்னியது, தொப்பி பிடித்தது, வைக்க இடமில்லாமல் விட்டது. ஒரு கட்டத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தை ஒரே மூச்சில் சொல்லித் தீர்க்க வேண்டுமென்றால் மனுஷனுக்கு எவ்வளவுதான் ஞாபகம் வரும்!

கோடு கடைசி ரேக்கில் வந்து சுணங்கியது. அந்த ரேக்கின் விளக்குகள் எப்படி இருக்கின்றன என்று நேரிலேயே பார்த்துவிடலாமென்று நம்பிராஜன் போனைக் காதில் வைத்துக்கொண்டே மெஷின் ஹாலுக்குள் போனார்.

அங்கே சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் கொஞ்சம் உதிர்ந்து தரையில் கிடந்தது. மாவிலை வாடித் தொங்கியது.

நம்பிராஜன் ஸ்டோரேஜ் ரேக்குகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

போன மழைக்காலத்தில் ஏ.சி. ஒழுகி ரேக் ஒன்று நனைந்தபோது, ஒரு வாத்தியாரின் பாதிச் சொற்கள் அழிந்துபோயின. அப்போது நம்பிராஜன்தான் துடித்துப்போய், இனிமேல் யாருடைய வால்யூமானாலும் மூன்று ரேக்கிலும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வால்யூமே போடக்கூடாது என்று உத்தரவு போட்டார். முன்பு இரண்டு பிரதிதான். ஸ்டோரேஜ் ரேக் இருப்பதே மூன்று. அதில் ஒன்று நேற்றிலிருந்து பூஜையில் உட்கார்ந்திருக்கிறது, மறுபூஜை இன்னும் ஆகவில்லை. பழைய வால்யூம்களுக்கு அதனால் பாதகமில்லை. புதிதாக எதுவும் பிறக்க முடியாது. டிரைவர் பாவம், மூன்றாவது இடத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போய் நின்றிருக்கிறது.

இரண்டும் நல்லதென்று நினைத்துச் செய்தவை. ஒன்றையும் மற்றதையும் சேர்த்து யோசித்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. அதைவிட, திரையில் அந்தப் பொடி எழுத்தைக் கீழே வரைக்கும் படித்திருந்தால்? படித்தவள் ஒருத்தி இருந்தாள்.

அங்கேயே நின்று போனிலிருந்து ஓய்வுக் கட்டளையை எடுத்தார். இரண்டு தடவை தப்பாக அடித்தார். எடுத்த மறு வினாடி சங்கரவடிவுக்கு இடம் கிடைத்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் டிரைவர் மாற்றமும் முடிந்தது.

“வந்துட்டு! வந்துட்டு அண்ணாச்சி!” என்று சிஸ்டர் கத்தினார். அழைப்பில் கைதட்டல் கேட்டது.

“பழைய டிரைவரைப் போட்டதும் சரியாயிட்டு பாத்தீங்களா! உங்க கணக்கு தப்பாது அண்ணாச்சி,” என்றார் டைரக்டர்.

நம்பிராஜன் வாயைத் திறந்தார். சொல்ல வந்தது சத்தியமாக உண்மைதான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஆமா சார்.”

சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுத்து ரேக் கதவில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தார். மாவிலையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். களவு செய்தவன்கூட அவ்வளவு அவசரமாகத் துடைத்திருக்க மாட்டான். போனில் சுடலைமுத்துவின் தொண்டை கட்டிய குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. அவர் தமக்குச் சொல்லத் தெரிந்த கடைசிச் சரக்குக்கு வந்திருந்தார். மனைவியின் பஸ் போகிற வழி.

“சமாதானபுரம்… முருகன்குறிச்சி… வண்ணார்பேட்டை… கொக்கிரகுளம்… ஆத்துப்பாலம்… ஜங்ஷன்… தச்சநல்லூர்…”

அது மட்டும் ஒரு எழுத்து சிந்தாமல் மூன்று ரேக்கிலும் ஏறியது.

*

ஜெபக்கனியை விசாரணை முடியும்வரை கிளஸ்டர் பக்கமே வரக்கூடாது என்று வைத்தார்கள். நம்பிராஜன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது அண்ணாச்சி என்று கூப்பிட்டால் உடம்பு கூசியது. துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து மனைவி ஒரு காய்ந்த மாவிலையை எடுத்து, “இது என்னது?” என்றபோது, எரிந்து விழுந்தார்.

ஒரு நாள் மத்தியானம் கேன்டீனில் ஜெபக்கனி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அடையாள அட்டை கதவைத் திறக்காததால் அவள் கேன்டீனைத் தாண்டி உள்ளே போக முடியாது. எதிரில் போய் உட்கார்ந்தார்.

“கனி, அன்னைக்கு நீ என்ன சொல்ல வந்த?”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. “உங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி?”

“தெரியும். நீ சொல்லு.”

“‘பூஜைக்கு வச்ச ரேக்கை எடுத்துருங்க அண்ணாச்சி’ன்னு சொல்ல வந்தேன்.”

“நீயே எடுத்திருக்கலாமே? அப்போ உனக்கு அனுமதி இருந்துச்சே.”

கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்கே உறைத்தது. ஜெபக்கனி இப்போது நிமிர்ந்தாள்.

“மொதல்ல எடுக்கத்தான் போனேன். பொறவு யோசிச்சேன். அது நீங்க பொட்டு வச்சு பூஜைக்கு வச்சது. நான் சர்ச்சுக்குப் போறவ. நான் போயி அதுல கை வச்சா, ‘இவளுக்கு நம்ம சாமின்னா இளக்காரம்’னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டா? வருஷா வருஷம் உங்க கையால சுண்டல் வாங்கித் திங்கேன். அந்த மரியாதைக்குத்தான், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுப்போம்னு வாயைத் தொறந்தேன். நீங்க பேச விடல.”



“டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்…” என்றார் நம்பிராஜன் ஈனமான குரலில்.

“அதுக்குள்ள சரியாயிட்டுன்னு கைதட்டிட்டாங்க. சரியானப்புறம் நான் போயி அண்ணாச்சியோட பூஜையாலதான் வந்துச்சுன்னு சொன்னா, பழி போட வந்தவள்னுதானே நெனைப்பாங்க? அதுவும் நான் சொன்னா?” தட்டை ஓரமாகத் தள்ளினாள். “என்னைய விடுங்க. எனக்கு வேற வேலை கிடைக்கும். அந்த மாவுக்கடைக்காரர் தாம் பேசுனது பூரா உள்ள இருக்குன்னு நெனைச்சுக்கிட்டிருக்காராம். புஷ்பம் சிஸ்டர் சொல்லி அழுதாங்க. தெனமும் காத்துக்கிட்டிருக்காராம். அவர்கிட்ட யாரு சொல்லப்போறா?”

அன்று மாலையே நம்பிராஜன் நடந்ததை நடந்தபடி எழுதி டைரக்டரிடம் கொடுத்தார். டைரக்டர் இரண்டு தடவை படித்தார். ஜெபக்கனியை மறுநாளே வேலைக்குக் கூப்பிடச் சம்மதித்தார். “ஆனா பேஷன்ட் வீட்டுக்கெல்லாம் போயிச் சொல்ல வேண்டாம். ‘பையப் பைய வரும்’னு டாக்டருங்க சொல்லியிருக்காங்க. அந்த நம்பிக்கையில அவரு பாட்டுக்கு இருக்கட்டும். சொல்லி என்ன ஆகப்போகுது அண்ணாச்சி?”

சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம்பிராஜனுக்குத் தெரிந்தது. அதில் சுடலைமுத்துவுக்கு எவ்வளவு நன்மையோ, தனக்கு அதைவிட அதிகம் என்பதும் தெரிந்தது. அதனால்தான் போனார்.

*

சமாதானபுரத்து மாவுக் கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சங்கரவடிவு நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையால் மாவுப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் சும்மா கிடந்தது. சொற்காப்பகத்திலிருந்து வந்திருக்கிறார் என்றதும் சுடலைமுத்து வேட்டியை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

“வாங்க சார், வாங்க. உங்களாலதான் இவ்வளவாவது பேசுதா. தொப்பியில சேத்ததைத் திரும்பக் குடுத்ததும் மறுநாளே வாயைத் தொறந்துட்டா. கேட்டா எல்லாம் புரியும். பேசத்தான்…”

“தச்சநல்லூர்,” என்றாள் சங்கரவடிவு அதிகாரமாக.

சுடலைமுத்து ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து விருந்தாளிக்குக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“தச்சநல்லூர்னா தண்ணி. முருகன்குறிச்சின்னா காப்பி. வண்ணார்பேட்டைன்னா ஃபேனைப் போடு. என்னையக் கூப்பிடுததுக்குக் கொக்கிரகுளம். இப்போதைக்கு அவ வாயில வர்றது பஸ் ஸ்டாப்பு மட்டுந்தான். அதை வச்சே நாங்க ஓட்டிக்கிடுதோம்.”

பிளாஸ்டிக் உறை விற்க வந்தவர் ஒருவர் வாசலில் நின்று வளவளவென்று பேசிக்கொண்டிருந்தார். சங்கரவடிவு அவரைப் பார்த்து, “ஜங்ஷன்!” என்று ஒரு சத்தம் போட்டாள். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

“பஸ்ஸு அதுக்கு மேல போகாதுன்னா, ஜங்ஷன்ல எல்லாரையும் எறக்கி விட்டுருவாள்லா? அதான்,” என்று சுடலைமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “சார், நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்கணும். நான் அன்னைக்கு மொதல்ல பேசுனது எல்லாம் உள்ள பத்திரமா இருக்குல்லா? பிள்ளைய பேரெல்லாம் சொன்னேனே. மூத்தவன் மஸ்கட்ல இருக்கான். தெனமும் போன் போட்டு, ‘அம்மா எம்பேரச் சொல்லிட்டாளா’ன்னு கேக்கான். நான் இன்னைக்கு நாளைக்குன்னு சொல்லிட்டிருக்கேன். இன்னும் நாளாகுமோ?”

நம்பிராஜன் செம்பைக் கீழே வைத்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது உதவவில்லை.

“அது வராதுண்ணே,” என்றார். “உள்ள இல்ல.”

பிறகு சொன்னார். பூஜையைச் சொன்னார். பொட்டு வைத்த ரேக்கைச் சொன்னார். மூன்று பிரதி உத்தரவைச் சொன்னார். தெரிந்து சொல்ல வந்த பெண்ணின் வாயை அடைத்ததைச் சொன்னார். டிரைவர், வால்யூம் என்ற பேச்சே எடுக்கவில்லை. உங்கள் வார்த்தைகளுக்கு இடம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று மட்டும் சொன்னார்.

சுடலைமுத்து எழுந்து போய்க் கிரைண்டரை நிறுத்தினார். கடை திடீரென்று அமைதியாகிவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நான் பேசிட்டிருந்தது உங்களுக்குக் கேட்டுச்சா சார்?”

“கேட்டுச்சு.”

“பூராவும்?”

“பூராவும்.”

“இடம் இல்லன்னு அந்த சிஸ்டருக்குத் தெரியுமா?”

“தெரியும். நிறுத்தச் சொல்லட்டுமான்னு எங்கிட்ட கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீய?”

 

“பேசட்டும்னு சொன்னேன்.”

சுடலைமுத்து தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால், சட்டையைப் பிடித்திருந்தால், நம்பிராஜனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

சங்கரவடிவு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் எல்லாம் புரியும் என்று புருஷன் சொல்லியிருந்தாரே, எல்லாமே புரிந்திருந்தது. இடது கையிலிருந்த மாவுப் பாக்கெட்டைக் கீழே வைத்தாள். நம்பிராஜனின் முகத்தை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை.

“ஜங்ஷன்,” என்றாள்.

நம்பிராஜன் சுடலைமுத்துவைப் பார்த்தார். அவர் அர்த்தம் சொல்லவில்லை. வேறு பக்கம் திரும்பி, நிறுத்தி வைத்த கிரைண்டருக்குள் கையை விட்டு மாவை வழிக்க ஆரம்பித்தார்.

நம்பிராஜன் எழுந்து செருப்பைத் தேடினார்.